சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு: சேர இன்னும் எட்டு வாரம், பிள்ளைக்கு எதைப் பழக்குவது?

கயல்அம்மா

வணக்கம். மகளுக்கு 11 வயது. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (ராணுவ அதிகாரி ஆகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் விடுதிப் பள்ளி) ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதுவரை தமிழ்வழிப் படிப்பு. நுழைவுத் தேர்வையும் தமிழில்தான் எழுதினாள். சேர இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட வையுங்கள் என்கிறார் ஒருவர். டிரில் (அணிவகுப்புப் பயிற்சி) கற்றுக்கொடுத்து அனுப்புங்கள் என்கிறார் இன்னொருவர். இந்தி தெரியாவிட்டால் திண்டாடிப் போவாள் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

ஓட்டப் பயிற்சி எவ்வளவு கொடுக்கலாம்? விடுதியில் தானாகச் செய்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மொழிக்கு என்ன செய்வது? பின்னால் என்.டி.ஏ. (முப்படை அதிகாரிகளுக்கான தேசியப் பாதுகாப்பு அகாடமி) போக வேண்டும் என்பது அவள் ஆசை. கண், பல் என்று இப்போதே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள், அது வேறு கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்ரன்மேசை

வாழ்த்துகள் சகோதரி. ஓட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். விடுதிக்குள் நடப்பதை நான் எழுதுகிறேன். முதல் பருவத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள நாலடி தூரம்தான்.

காலை மணி அடித்ததிலிருந்து பி.டி.க்கு (உடற்பயிற்சிக்கு) வரிசையில் நிற்கும் வரை பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். அதற்குள் கட்டிலைச் சரிசெய்து, கழிப்பறை போய், பல் துலக்கி, உடை மாற்றி, லேஸ் கட்டி, ஃபால்-இன் நிற்க வேண்டும். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே நிற்பது எழுதாத சட்டம். கழிப்பறைக்கு வரிசையும் இருக்கும். கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது 15 நிமிடம். அம்மா எடுத்துக் கொடுத்த உடையைப் போட்டே வளர்ந்த பிள்ளைக்கு அது போதவே போதாது. சாக்ஸ் ஒன்றைக் காணோம் என்று தேடுவதிலேயே பாதி போய்விடும்.

ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் மறுநாள் உடையைப் போடும் வரிசையிலேயே அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்: முதலில் உள்ளாடை, அதன் மேல் டி-சர்ட், அதன் மேல் ஷார்ட்ஸ், ஷூவுக்குள் சாக்ஸ். காலையில் கடிகாரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முதல் வாரம் 35 நிமிடம் ஆகும். ஆகட்டும். இரண்டு வாரத்தில் 25க்கு வந்துவிடும், பிறகு 15 வரை குறைத்துக்கொண்டே போகலாம். உள்ளே போய் உதவி செய்தால் அந்த நாள் கணக்கில் சேராது.

கட்டில் விரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விரிப்பின் கால்பக்க ஓரத்தை மெத்தைக்கு அடியில் முதலில் செருக வேண்டும். பிறகு பக்கவாட்டில் தொங்கும் துணியை, மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்துத் தூக்கி மெத்தை மேல் வைத்தால் ஒரு முக்கோணம் வரும். கீழே தொங்கும் மிச்சத்தை உள்ளே செருகிவிட்டு, மேலே இருக்கும் முக்கோணத்தை இறக்கி அதையும் செருகினால் மூலை 45 டிகிரி மடிப்பாக நிற்கும். பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றேதான்: கால்பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டை முதலில் செருகுவார்கள், மூலையில் துணி சுருண்டு மூட்டையாக நிற்கும். பத்து நாள் செய்தால் மூன்று நிமிட வேலை.

ஷூ பாலிஷ் தனிக் கலை. நிறையப் பூசினால் நிறையப் பளபளக்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தையல் இடுக்கில் இருக்கும் மண்ணைத் தட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணும் மெழுகும் சேர்ந்து தோலைக் கீறும். பிறகு மெல்லிய ஒரு பூச்சு. பத்து நிமிடம் காய விட்டு பிரஷ். அதற்குப் பிறகுதான் முன்முனை. பழைய பருத்தி பனியன் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, துணியில் பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, ஷூவின் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் மங்கலாகி ஒரு பால் படலம் தெரியும். அங்கேதான் பிள்ளைகள் பயந்து இன்னும் பாலிஷ் எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. அதே இடத்தில் அழுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் படலம் விலகி, தோலுக்குள்ளிருந்து கறுப்பு வெளிச்சம் ஏறி வரும். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி வட்டம். முனையிலும் குதிகாலிலும் மட்டும்தான் இந்த வேலை. கால் மடியும் இடத்தில் செய்தால் நடக்கும்போது மெழுகு வெடித்துச் செதில் செதிலாக உதிரும்.

துவைப்பு. சீருடை சலவைக்குப் போய்விடும். உள்ளாடையும் சாக்ஸும் தினமும் தன் கையால் அலசுவது நல்லது. சலவைக்குப் போகும் ஒவ்வொரு துணியிலும் அவளுடைய எண் இருக்க வேண்டும். பேனாவால் எழுதினால் பத்துத் துவைப்பில் அழிந்துவிடும், நூலால் தைத்துவிடுங்கள். சாக்ஸ் ஈரமாக இருக்கும்போதே போட்டால் விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும், ஷூவைப் பகிர்ந்தால் அது அறை முழுக்கப் பரவும். வெயிலில் காயாத சாக்ஸை அலமாரிக்குள் வைக்கவே கூடாது என்று பழக்குங்கள். சாக்ஸ் மூன்று ஜோடி கூடுதலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் சொல்லக் கூச்சப்படுவது. பதினொரு வயது, அங்கே இருக்கும்போது முதல் மாதவிடாய் வரலாம். நாப்கினை எப்படி வைப்பது, எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எப்படிச் சுற்றி எங்கே போடுவது என்று கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள். பேசிவிட்டு விட்டால் போதாது. அலமாரியில் ஒரு சின்னப் பையில் ஆறு நாப்கின், இரண்டு உள்ளாடை தனியாக இருக்கட்டும். அன்றைக்கு மேட்ரனிடம் (விடுதிப் பொறுப்பாளரிடம்) போய் என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்பதைக்கூட ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வார்த்தை கையில் இருந்தால் பயம் பாதி குறையும்.

மைதானமண்

மேட்ரன் மேடம் எழுதினது அத்தனையும் சரி. ஓட்டத்துக்கு நான் சொல்றேன்.

அஞ்சு கிலோமீட்டர் தினமும் வேண்டவே வேண்டாம். இந்த வயசுல எலும்போட வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. குதிகால் எலும்புல கெண்டைக்கால் தசைநாண் வந்து ஒட்டுற இடத்துல அந்தத் தட்டு இருக்கு. திடீர்னு ஓட்டத்தைக் கூட்டினா தசைநாண் அதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், குதிகால் ரெண்டு பக்கமும் அழுத்தினா வலிக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைச்சு வலிக்கிறதும் இதே வகைதான். ரெண்டும் ஓய்வு கொடுத்தா சரியாகும். வலியோட ஓட வெச்சா, சேர்ற நாள்ல நொண்டிக்கிட்டுப் போவா.

வாரத்துக்கு நாலு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி கிடைக்கிற மாதிரி. மண் தரை அல்லது புல். தார் ரோடு வேண்டாம். முதல் ரெண்டு வாரம் ஒரு நிமிஷம் மெதுஓட்டம், ஒரு நிமிஷம் நடை, பத்துத் தடவை. அடுத்த ரெண்டு வாரம் மூணு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, அஞ்சு தடவை. அஞ்சு, ஆறாவது வாரம் எட்டு நிமிஷம் ஓடி ரெண்டு நிமிஷம் நடந்து திரும்ப எட்டு. கடைசி ரெண்டு வாரத்துல 20 நிமிஷம் நிக்காம. வேகத்துக்கு அளவு என்னன்னா, ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். ரெண்டு வார்த்தைக்கு மேல வரலைன்னா வேகம் ஜாஸ்தி, குறைக்கச் சொல்லுங்க. மூச்சு வாங்கி நின்னுடுற பிள்ளைங்க பெரும்பாலும் பலமில்லாத பிள்ளைங்க கிடையாது. முதல் நூறு மீட்டரைப் பறந்து ஓடினவங்க.

முன்கால் எலும்பு உள்பக்கம் நீளத்துக்கு வலிச்சா ரெண்டு மூணு நாள் ஓட்டத்தை நிறுத்திட்டு நடை மட்டும். ஒரே ஒரு புள்ளியில விரல் வெச்சா துடிக்கிற மாதிரி வலி, ராத்திரியும் வலின்னா எலும்பு மருத்துவரைப் பாருங்க, அது எலும்புல விரிசலா இருக்கலாம்.

ஷூ: நின்னுக்கிட்டு இருக்கும்போது நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க, குதிகால் உள்ளே வழுக்கி கொப்புளம் வரும். கொப்புளம் வந்தா தோலை உரிக்காதீங்க. உள்ளே இருக்கிற நீர்தான் அடியில் இருக்கிற பச்சைத் தோலைக் காக்குது.

மேலுடம்புக்கு ஒண்ணே ஒண்ணு: தொங்கட்டும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா தொங்கறது. முதல் நாள் 10 விநாடி நிப்பா. 40 விநாடி வந்துட்டா கயிறு ஏறுறது, தடை தாண்டுறது எல்லாத்துக்கும் பிடி கிடைச்சிரும். கயிறு ஏற முடியாம பாதியில இறங்குறவங்க கையால மட்டும் ஏறப் பார்ப்பாங்க. கயிறை ஒரு பாதத்துக்கு மேலயும் இன்னொரு பாதத்துக்கு அடியிலயும் விட்டு நடுவுல நெரிச்சுப் பிடிச்சா, கால் நிக்க ஒரு படி கிடைச்ச மாதிரி. எழுந்து நிக்கிறது கால் வேலை, கை பிடிச்சுக்க மட்டும்தான்.

என்.டி.ஏ. அறிவிப்புலயே தேர்வானவங்க தயாரா இருக்கச் சொல்லி ஒரு அளவு போட்டிருக்காங்க: 15 நிமிஷத்துல 2 முதல் 4 கிலோமீட்டர் ஓட்டம், ஸ்கிப்பிங், தண்டாலும் சிட்-அப்பும் குறைஞ்சது 20, சின்-அப் 8, கயிறு 3 முதல் 4 மீட்டர். அது 17, 18 வயசுக்கு. இவளுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. தயவுசெஞ்சு இப்பவே அந்த அளவை வெச்சுப் பார்க்காதீங்க.

நீச்சல் தெரியலைன்னா இந்த எட்டு வாரத்துல அதைக் கத்துக்கொடுங்க. தண்ணிக்குள்ள முகத்தை வெச்சு மூச்சை விடுற அளவு பழகிட்டாலே போதும்.

சாவ்தான்

டிரில் பற்றி மட்டும். வீட்டில் டிரில் கற்றுக்கொடுத்து அனுப்பாதீர்கள். வீடியோ பார்த்துப் பழகிய பிள்ளை முழங்கையை மடக்கி வீசும், அதைத் திருத்த உஸ்தாதுக்கு (டிரில் பயிற்றுநருக்கு) ஒரு மாதம் ஆகும். எதுவும் தெரியாமல் வரும் பிள்ளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ளும்.

கட்டளைகளின் பொருள் மட்டும் தெரிந்திருக்கட்டும். இவை இந்தியில் வரும். சாவ்தான்: நேர் நில். குதிகால் ஒட்டி, முன்பாதம் 30 டிகிரி விரிந்து, கை மூடி, கட்டைவிரல் பக்கத் தையலோடு சேர்ந்து இருக்க வேண்டும். விஷ்ராம்: இடது காலை 12 அங்குலம் தள்ளி, கை பின்னால். தாஹினே முட் வலப்பக்கம், பாயே முட் இடப்பக்கம், பீச்சே முட் பின்பக்கம் திரும்புதல். தேஸ் சல் நடக்கத் தொடங்கு, தம் நில். தாஹினே தேக் என்றால் வலப்பக்கம் பார், சாம்னே தேக் என்றால் முன்னால் பார். மொத்தம் பத்துப் பன்னிரண்டு சொற்கள். இதுதான் முதல் மாத இந்தி.

தேஸ் சல் நிமிடத்துக்கு 120 அடி. ஓர் அடி 30 அங்குலம் என்பது பெரியவர்களின் அளவு. சின்னப் பிள்ளைகள் அதை எட்ட எம்பி எம்பி நடப்பார்கள், அப்போதுதான் வலது காலோடு வலது கையே வரும். ஒரே பக்கக் கையும் காலும் சேர்ந்து வருவது யோசித்து நடப்பதால் வரும் தவறு. வரிசையை விட்டு விலக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இயல்பாக நடக்க விட்டால் கை தானாக மாறிவிடும்.

ஒரு விஷயத்தை அவளிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அணிவகுப்பில் நெடுநேரம் நிற்கும்போது மயங்கி விழுவது பலவீனம் இல்லை. முழங்காலைப் பூட்டி விறைத்து நின்றால் கெண்டைக்கால் தசை அசையாது. அந்தத் தசை சுருங்கினால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அது நின்றால் ரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். முழங்காலை ஒரு மயிரிழை தளர்த்தி, ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது. காலை ஆகாரத்தையும் தண்ணீரையும் தவிர்த்துவிட்டுப் பரேடுக்குப் போகவே கூடாது. காதில் ரீங்காரம் கேட்டாலோ பார்வை சுருங்கினாலோ உட்கார்ந்துவிட வேண்டும்; வெட்கப்பட்டு நின்று முகம் அடிபட விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கயல்அம்மா

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பாலிஷ் விஷயத்தை இன்றைக்கே தொடங்கிவிட்டோம். வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது பின்தங்கிவிடுவாளா என்பதுதான் இப்போது பெரிய கேள்வி. என்.டி.ஏ.வுக்கு இந்தப் பள்ளியில் படித்தால் தனி ஒதுக்கீடு உண்டா?

கணக்குப்பலகை

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ஒதுக்கீடு கிடையாது. சைனிக் பள்ளிகள் என்.டி.ஏ.வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யவே 1961இல் தொடங்கப்பட்டவை, அமராவதிநகர் 1962. ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரையும் போல யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு எழுதி, எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரியம்) நேர்முகத்தில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் தாண்ட வேண்டும். என்.டி.ஏ.வில் பெண்கள் 2022இல் சேரத் தொடங்கினார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். உங்கள் மகளுக்கு முன்னால் வழி திறந்தே இருக்கிறது.

எழுத்துத் தேர்வு மொத்தம் 900. கணக்கு 300, பொதுத்திறன் 600. கணக்கில் 120 கேள்விகளுக்கு இரண்டரை மணி நேரம், அதாவது கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். எஸ்.எஸ்.பி. இன்னொரு 900. எழுத்தில் விழுகிறவர்களில் பலர் கணக்கில் விழுகிறார்கள், அதற்கு விதை ஏழு, எட்டாம் வகுப்பில் போடப்படுகிறது. பின்னமும் இயற்கணிதமும் தடுமாறும் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் முக்கோணவியல் சுவராக நிற்கும். காலையில் பி.டி., மாலையில் விளையாட்டு, பிறகு ப்ரெப் (விடுதியில் படிக்கும் நேரம்) என்று நாள் போகும்போது, ப்ரெப் நேரத்தில் தூங்கி விழாமல் இருப்பதுதான் படிப்பின் முக்கால் பங்கு. கணக்கை ப்ரெப்பின் முதல் அரைமணியில் போடச் சொல்லுங்கள். வரலாற்றைத் தூக்கக் கலக்கத்திலும் படிக்கலாம், கணக்கு அப்படி வராது.

ஆங்கிலத்துக்கு இலக்கண வகுப்பு வேண்டாம். அவளுக்குக் கணக்கு தெரியும், அதன் பெயர் தெரியாது. தொகுதி என்பது நியூமரேட்டர், பகுதி என்பது டினாமினேட்டர், மீப்பெரு பொதுக் காரணி எச்.சி.எஃப்., மீச்சிறு பொது மடங்கு எல்.சி.எம்., சுற்றளவு பெரிமீட்டர். ஆசிரியர் பலகையில் எழுதும்போது புரிந்துவிடும். வாயால் சொல்லும்போதுதான் தவறவிடுவாள். ஆகவே எழுத்தைவிட காதுக்குப் பழக்குங்கள். ஆறாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகத்தையும் அறிவியல் புத்தகத்தையும் வாங்கி, தினமும் ஒரு பக்கம் நீங்களோ அண்டை வீட்டுப் பிள்ளையோ உரக்க வாசிக்க, அவள் பொருளைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். ஒரு நாளைக்கு எட்டுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். எட்டு வாரத்தில் நானூற்றுச் சொச்சம் சேரும். முதல் பருவத்துக்கு அது தாராளம்.

பேச்சுக்குப் பத்து வாக்கியம் போதும். எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள். எனக்கு உடம்பு சரியில்லை. என் சாவி தொலைந்துவிட்டது. இப்படி. இந்தி இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது. விளையாட்டு மைதானத்தில் மூன்று மாதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்.எஸ்.பி.க்கு இப்போதே பயிற்சி நிலையம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே உளவியல் தேர்வில் 60 சொற்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் வாக்கியம் எழுதுகிறார்கள், படத்தைப் பார்த்து நாலு நிமிடத்தில் கதை எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்த வாக்கியம் அந்த வேகத்தில் பல்லிளித்துவிடும். பதினொரு வயதில் அதற்கான தயாரிப்பு நிறைய வாசிப்பதும், குழுவில் விளையாடுவதும்தான்.

தெற்குவாசல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அண்ணன் மகனுக்கு சைனிக் ஆறாம் வகுப்பு கிடைக்கவில்லை. இப்போது 11 வயது முடிந்து நாலு மாதம். வேறு வழி உண்டா?

கணக்குப்பலகை

இரண்டு வழி உண்டு தம்பி. டேராடூனில் ராஷ்ட்ரீய இந்திய ராணுவக் கல்லூரி, 1922இல் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் சேர்க்கை, ஆண்டுக்கு இரண்டு முறை. சேரும் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று பதினொன்றரை வயது நிரம்பி, 13 தாண்டாமல் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டோ முடித்தோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எழுத்துத் தேர்வை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. கணக்கு 200, ஆங்கிலம் 125, பொது அறிவு 75, பிறகு நேர்முகம் 50. கணக்கும் பொது அறிவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழ் கிடையாது. ஒரு முறைக்கு எடுப்பது மிகச் சிலரையே. 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேரலாம்.

இரண்டாவது, சைனிக் பள்ளி ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கை. சேரும் ஆண்டு மார்ச் 31 அன்று வயது 13 முதல் 15. தேர்வு 150 கேள்வி, 400 மதிப்பெண், மூன்று மணி நேரம், அதில் கணக்கு மட்டும் பாதி. இது ஆங்கிலத்தில் மட்டும். காலியிடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இதையே நம்பி இருக்க வேண்டாம்.

எம்ஐரூம்

கண், பல் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது.

கண்: கிட்டப்பார்வை பள்ளி வயதில்தான் ஏறும். பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே இருப்பது அது தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது. அந்தப் பள்ளியின் நாளில் அது தானாகக் கிடைத்துவிடும். புத்தகத்தைக் கண்ணிலிருந்து ஒரு முழங்கை தூரம் வைக்கப் பழக்குங்கள். கண்ணாடி தேவைப்பட்டால் தயங்காமல் போடுங்கள், போடாமல் விட்டால் பவர் ஏறாது என்பது பொய். பின்னால் லேசர் செய்து சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: 20 வயதுக்கு முன் செய்த லேசிக்கை ராணுவ மருத்துவப் பரிசோதனை ஏற்பதில்லை, என்.டி.ஏ. வயதோ அதற்குள் முடிந்துவிடும். நிறப்பார்வையை இப்போதே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நிறக்குறைபாடு அபூர்வம், இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

பல்: ராணுவ மருத்துவப் பரிசோதனையில், மேலும் கீழும் ஒன்றையொன்று சந்திக்கும் பற்களுக்குத்தான் புள்ளி. 32 பல்லும் இருந்தால் 22 புள்ளி, குறைந்தது 14 வேண்டும். முன்பல் ஜோடிக்கு 1, கடைவாய்ப் பல் ஜோடிக்கு 2. ஆறு வயதில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் விழட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். சேருவதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தை இருந்தால் அடைத்துவிடுங்கள்.

காது: பட்ஸ் போடாதீர்கள். மெழுகை அது உள்ளே தள்ளி அடைக்கும். பரிசோதனையில் செவிப்பறை தெரியாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பச்சை குத்துவது கூடவே கூடாது, திருவிழாக் கடையில் விளையாட்டாகக் குத்தினாலும்.

பாதம்: ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். முழுப் பாதமும் பதிந்தால், குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்வளைவு தெரிந்தால் அது வளையும் தட்டைப்பாதம், கவலை வேண்டாம். அப்போதும் வளைவு வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேட்ரன்மேசை

ராத்திரி கட்டிக்கொண்டு தூங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. இன்றிலிருந்தே தனிக் கட்டில் அல்லது தனிப் பாய், அதே அறையில். இரண்டு வாரம் கழித்து அடுத்த அறை. ஐந்தாவது வாரம் பாட்டி வீடோ அத்தை வீடோ, நீங்கள் இல்லாமல் இரண்டு இரவு. ஏழாவது வாரம் நான்கு இரவு. ஒரே நாளில் பிரித்தால் அவள் அழுவது விடுதிக்காக இல்லை, அந்தத் திடீர் வெறுமைக்காக.

முதல் மூன்று வாரம் அழுகை இருக்கும், அதிலும் ஞாயிறு மாலை அதிகம். வேலை இல்லாத நேரத்தில்தான் வீட்டு ஞாபகம் வரும். போன் பேசும் நாள் கிடைக்கும்போது, அழுதாயா, சாப்பாடு பிடிக்கிறதா என்று தொடங்காதீர்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பெயர் என்ன, இந்த வாரம் எந்த விளையாட்டு, ஷூ முனையில் முகம் தெரிகிறதா என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் வந்துவிடு என்று அன்பில் சொல்லும் ஒரு வாக்கியம் மூன்று மாதம் அவளை உள்ளே காலூன்ற விடாது. கடிதம் எழுதுங்கள், போனைத் திரும்பப் படிக்க முடியாது, கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண வீட்டு ஏக்கத்தைத் தாண்டியது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். படுக்கை நனைப்பது புதிதாகத் தொடங்குவது, விடுமுறைக்கு வரும்போது எடை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருப்பது, அடிக்கடி எம்.ஐ. ரூமுக்குப் (பள்ளி மருத்துவ அறைக்கு) போவது, ஒரு குறிப்பிட்ட சீனியர் பெயர் வந்தாலே பேச்சை நிறுத்துவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஹவுஸ் மாஸ்டரிடம் (அவள் விடுதிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம்) அன்றே பேசுங்கள். அடி, மிரட்டல் என்று இருந்தால் முதல்வருக்கு எழுத்தில், தேதியோடு கொடுங்கள். கடுமையான பயிற்சிக்கும் கொடுமைக்கும் வித்தியாசம் உண்டு: பயிற்சி ஆசிரியர் கண்முன் மைதானத்தில் நடக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். விளக்கணைத்த பிறகு ஒருத்திக்கு மட்டும் நடப்பது பயிற்சி இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று சேரும் நாளிலேயே அவளை அழைத்துப்போய் மேட்ரனையும் ஹவுஸ் மாஸ்டரையும் முகம் காட்டிவிடுங்கள்.

கயல்அம்மா

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்றிலிருந்தே தனிப் பாய். ஒரே ஒரு சின்னக் கேள்வி: பெட்டிக்கு நம்பர் பூட்டு நல்லதா, சாவிப் பூட்டா? அலமாரிக்கும் தனியாக வேண்டுமா?

மேட்ரன்மேசை

இரண்டுக்கும் சாவிப் பூட்டு. நம்பர் பூட்டின் எண்ணைத் தோழிகளிடம் சொல்லிவிடுவார்கள், பயந்த நேரத்தில் மறந்தும்விடுவார்கள். மூன்று சாவி உள்ள பூட்டாக வாங்குங்கள்: ஒன்று அவள் கழுத்துக் கயிற்றில், ஒன்று மேட்ரனிடம் பெயர் எழுதிய உறையில், ஒன்று உங்களிடம். கயிறு சாதாரணப் பருத்திக் கயிறாக இருக்கட்டும், இழுத்தால் அறுந்துவிட வேண்டும். நைலான் கயிறு கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். பி.டி. நேரத்தில் கழற்றி ஷார்ட்ஸ் பையில் போட்டு ஜிப்பை மூடச் சொல்லுங்கள். ஜிப் இல்லாத ஷார்ட்ஸ் வாங்கியிருந்தால் உள்பக்கம் ஒரு சின்னப் பையை இந்த வாரமே தைத்துவிடுங்கள்.